கடைசி நாள் டூட்டி

வேலையை ராஜினாமா பண்ணியாகிவிட்டது. இன்றைக்குக் கடைசி நாள். காலையில் போய்க் கையெழுத்தும் போட்டாயிற்று. மத்தியானம் வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டதும் தோன்றுகிறது, 'இனிமே எதுக்குய்யா போகணும்?' போவீர்களா, மாட்டீர்களா?

நம்மில் முக்கால்வாசிப் பேர் போய்விடுவோம். கடமையுணர்ச்சி எல்லாம் இல்லை. நாலரை மணிக்கு மிக்ஸர், காபி, வழியனுப்பு உரை, ஒரு சுவர்க் கடிகாரம். எல்லாம் சும்மாவா வரும்?

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்ற தொழிற்பேட்டை ஊர். அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் 17 வயசுப் பையன் ஒருவன் இதே நிலைமையில் இருந்தான். பெயர் டோனி அயோமி. தகரத் தகடு வெட்டி வளைக்கும் ஃபேக்டரியில் வெல்டர். கிடார் நன்றாக வாசிப்பான். ஜெர்மனியில் கச்சேரி பண்ணப் போகும் ஒரு கோஷ்டியில் இடம் கிடைத்துவிட்டது. வேலைக்கு டாட்டா. கடைசி நாள் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், நான் திரும்பப் போகப் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா விடவில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று விரட்டினாள். எல்லா ஊர் அம்மாவும் ஒரே அம்மாதான்.

போனான். அன்றைக்குப் பார்த்து பிரஸ் மெஷினில் வேலை செய்கிற ஆள் லீவு. 'நீ கொஞ்சம் பார்த்துக்க' என்று பையனை அங்கே நிறுத்திவிட்டார்கள். பழக்கமில்லாத மெஷின். கையின் மேல் இறங்கியது. அனிச்சையாகக் கையை இழுத்தான். வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் மெஷினிலேயே தங்கிவிட்டன. அப்புறம் யாரோ அந்த நுனிகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கறுத்துப் போயிருந்தன. ஒட்டவைக்க முடியவில்லை.

வலது கைதானே, கிடாரில் தந்தியை அழுத்துவது இடது கையாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். அயோமி இடது கைக்காரன். எல்லாமே தலைகீழ். அவன் தந்தியை அழுத்துவது வலது கையால்தான். இனி கிடாரை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பையன்தான் பின்னால் 'பிளாக் ஸபாத்' என்ற கோஷ்டியைக் கட்டி மேய்த்தவன். ஹெவி மெட்டல் என்று இன்றைக்கு உலகம் முழுக்கத் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்களே, அந்த வம்சத்துக்கே மூலபுருஷன். அந்தச் சத்தத்துக்கு அஸ்திவாரம் போட்டது இந்த அறுந்த விரல்கள்தான் என்பதால்தான் கதையை இங்கிருந்து ஆரம்பித்தேன்.

நான் முதன்முதலில் பிளாக் ஸபாத் கேட்டது, மேன்ஷன் ரூமில் கூட இருந்த நண்பன் கொண்டுவந்த காசெட்டில். பாதிப் பாட்டில் டேப் சிக்கிவிட்டது என்று நினைத்து நிறுத்தப் போனேன். 'டேய், சத்தமே அதுதாண்டா!' என்று கையைத் தட்டிவிட்டான். பக்கத்து ரூம்காரர் வந்து, மெஸ்ஸில் மாவு அரைக்கிற சத்தமா இது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

*

கையில் கட்டோடு சுருண்டு கிடந்த அயோமியைப் பார்க்க ஃபேக்டரி ஃபோர்மன் வந்தார். பழம், ஹார்லிக்ஸ் எதுவும் இல்லை. கையில் ஒரு கிராமபோன் இசைத்தட்டு. 'கிடார் இசை, கேள்' என்றார். எரிகிற நெருப்பில் எண்ணெய்! வேண்டாம் என்றான். விடாப்பிடியாகக் கேட்க வைத்தார். கேட்டான். பிரமாதமாக இருந்தது. அப்புறம்தான் ஃபோர்மன் விஷயத்தைச் சொன்னார். வாசிப்பவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜிப்ஸி. 1928-ல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்து, இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கிவிட்டன. மிச்சம் இரண்டு விரல்களால்தான் அத்தனையும்.

அந்த ஃபோர்மனுக்குச் சிலை வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நம் ஆபீஸ்களில் மெடிக்கல் லீவில் இருப்பவனைப் பார்க்க வருகிற சூப்பர்வைஸர், ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் எப்போது வரும் என்று கேட்பதற்குத்தான் வருவார்.

அயோமி எழுந்து உட்கார்ந்தான். பாத்திரம் தேய்க்கிற திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து உருக்கினான். உருண்டையாக்கினான். சூடான கம்பியால் ஓட்டை போட்டு, விரல் நுழைகிற அளவுக்குத் தேய்த்து, தையல்காரர் விரலில் போடுகிற தொப்பி மாதிரி இரண்டு செய்தான். பிளாஸ்டிக் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டில் ஒரு துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டினான். மாட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்தான். வாசிக்க வந்தது. வலி இருந்தது, தந்தி எங்கே இருக்கிறது என்பது விரலுக்குத் தெரியவில்லை. காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த பிரச்னை, தந்தி. முறுக்கான தந்தியை அந்தப் பொய் நுனியால் அழுத்தி வளைப்பது கஷ்டம். மெல்லிய தந்தி கேட்டால் கடையில் அப்படி ஒன்று கிடையாது. சரியென்று பாஞ்சோ வாத்தியத்துத் தந்தியை வாங்கி கிடாரில் கட்டினான். பல வருஷம் கழித்து, 1971-ல், மூன்றாவது ஆல்பம் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' செய்யும்போது இன்னொரு காரியம் செய்தான். கிடாரின் சுருதியையே மூன்று அரை ஸ்வரம் கீழே இறக்கிவிட்டான். தந்தி தளர்ந்தது. விரலுக்கு நிம்மதி. ஆனால் தந்தி தளர்ந்தால் நாதம் கனக்கும். வீணை வாசிக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். பேஸ் கிடாரும் கூடவே இறங்கியது. மதம் பிடித்த யானை தூரத்தில் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்றைக்கு எந்த மெட்டல் கோஷ்டியை எடுத்தாலும் சுருதி இறக்கித்தான் வாசிக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் பத்து விரலும் முழுசாகத்தான் இருக்கிறது.

*

ஆள் சேர்ந்த கதை தமாஷானது.

1968. அயோமியும் டிரம்ஸ் வாசிக்கிற பில் வார்டும் ஒரு கோஷ்டி கலைந்து ஊர் திரும்பியிருக்கிறார்கள். பாடகர் வேண்டும். வாத்தியக் கடையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆஸி என்று ஒருவன் வாய்ப்புத் தேடுகிறானாம், சொந்தமாக மைக்-ஸ்பீக்கர் செட் வைத்திருக்கிறானாம். (இந்தக் கடைசித் தகுதிதான் முக்கியம். நம்மூர் மெல்லிசைக் கச்சேரிகளிலும் இப்படி இடம் பிடித்த பாடகர்கள் உண்டு.) எனக்கு ஒரு ஆஸி தெரியும், அவனாக இருக்கக்கூடாதே என்று நினைத்தபடி போய்க் கதவைத் தட்டினான் அயோமி. வந்து நின்றது அவனேதான்! பள்ளிக்கூடத்தில் அயோமிக்கு ஒரு வகுப்பு கீழே படித்த ஆஸி ஆஸ்போர்ன்.

ஆஸியின் பயோடேட்டாவைப் பாருங்கள். 15 வயசில் படிப்புக்கு முழுக்கு. கசாப்புக் கூடத்தில் வேலை. கார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலை. (நாள் பூராவும் பாம், பாம், பாம்! அதற்கு ஜெயிலே தேவலை.) அப்புறம் திருடப்போய் மாட்டிக்கொண்டு நிஜமாகவே ஜெயில். அபராதம் கட்ட அப்பா மறுத்துவிட்டார்; புத்தி வரட்டும் என்று விட்டுவிட்டார்.

நாலாவது ஆள் பேஸ் கிடார் கீஸர் பட்லர். குளியலறை கீஸர் இல்லை. அந்த ஊர்ப் பேச்சு வழக்கில் கீஸர் என்றால் 'ஆளு', 'ஆசாமி'. இவர் கணக்கு எழுதுகிற ஆபீஸில் பயிற்சிக் குமாஸ்தா. ஆபீஸ்வாசிகள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். பிளாக் ஸபாத் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியது நம்மவர்தான்.

முதலில் வைத்த பெயர் 'போல்கா டல்க்'. அம்மாவின் டால்கம் பவுடர் டப்பாவில் பார்த்த பெயர் என்பார் ஆஸி. துணிக்கடைப் பெயர் என்பாரும் உண்டு. அப்புறம் 'எர்த்'. அதே பெயரில் இன்னொரு கோஷ்டி இருந்து ஆள் மாறாட்டக் குழப்பம் வந்தது. ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிர் தியேட்டரில் 'பிளாக் ஸபாத்' என்ற பேய்ப் படம். 1963-ல் வந்த இத்தாலியப் படம், போரிஸ் கார்லாஃப் நடித்தது. காசு கொடுத்து பயப்பட ஜனங்கள் கியூவில் நிற்கிறார்களே, பயமுறுத்துகிற மாதிரி நாமும் பாட்டுப் போட்டால் என்ன என்று யோசனை பிறந்தது. அப்போது எல்லோரும் பூ, காதல், சமாதானம் என்று பாடிக்கொண்டிருந்தார்கள். புகையும் கரியுமாக இருந்த ஆஸ்டன் பேட்டையில் வளர்ந்தவர்களுக்குப் பூ எங்கே கிடைக்கும்?

அந்தப் பெயரில் அவர்கள் போட்ட பாட்டில் மூன்றே மூன்று ஸ்வரம். ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம். மேற்கே ச-வுக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்குப் பழைய காலத்துப் பெயர், சங்கீதத்தில் சைத்தான். கேட்டால் அடிவயிற்றைப் பிசையும் என்று தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள். சர்ச்சில் தடையே போட்டார்கள் என்பதெல்லாம் மிகை. வேடிக்கை என்னவென்றால், அதே ச, அதே பிரதி மத்யமத்தை வைத்துத்தான் நாம் கல்யாணி ராகம் பாடுகிறோம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் நாகஸ்வரத்தில் வாசிக்கிறோம். (கல்யாணத்துக்கும் சைத்தானுக்கும் என்ன சம்பந்தம் என்று மணமானவர்கள் எழுதிக் கேட்க வேண்டாம்.)

முதல் ஆல்பம் கிட்டத்தட்ட ஒரே நாளில் பதிவானது. வெளியான தேதி 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. விமரிசகர்கள் கிழித்தார்கள். ஜனங்கள் வாங்கினார்கள். பிரிட்டனில் எட்டாவது இடம். அதே வருஷம் செப்டம்பரில் இரண்டாவது. அதற்கு 'வார் பிக்ஸ்' என்றுதான் பெயர் வைக்க இருந்தார்கள். வியட்நாம் யுத்தத்தில் ஏழை வீட்டுப் பையன்களை அனுப்பிவிட்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தளபதிகளைப் பற்றிய பாட்டு. ஆல்பத்தை நிரப்ப ஒரு மூன்று நிமிஷம் குறைந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அயோமி ஒரு மெட்டுப் போட, குமாஸ்தா மளமளவென்று வரி எழுத, அரைமணிக்குள் ரெடி. அதுதான் 'பாரனாய்ட்'. இடம் நிரப்பப் போட்ட அந்தப் பாட்டு பிரிட்டனில் நாலாவது இடத்துக்குப் போனது. ஆல்பத்துக்கும் அதையே பெயராக வைத்து, முதல் இடம். ஆனால் அட்டைப்படம் ஏற்கெனவே யுத்தத்துக்காக எடுத்தது. கத்தி, கேடயத்தோடு ஒரு ஆள் பாய்ந்துவருகிறான். பாரனாய்டுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? ஐம்பது வருஷத்துக்கு மேலாக ரசிகர்கள் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சைத்தானைக் கும்பிடுகிற கூட்டம் என்று பெயர் பரவிவிட்டது. அப்போது நாலு பேர் கழுத்திலும் தொங்கிய சிலுவைகள், ஆஸியின் அப்பா தன் ஃபேக்டரியில் அலுமினியத்தில் செய்து கொடுத்தவை. அபராதம் கட்டாத அதே அப்பா.

*

அப்புறம் பணம் வந்தது. பணத்தோடு வரக்கூடிய எல்லாம் வந்தது. 1972-ல் நாலாவது ஆல்பத்தை லாஸ் ஏஞ்சலீஸில் செய்தபோது, ரிக்கார்டிங் செலவைவிடக் கொகெய்ன் செலவு அதிகம் என்று பின்னால் கணக்குச் சொன்னது யார் தெரியுமா? நம் குமாஸ்தா கீஸர்தான். கணக்குப் படித்தவர் கூடவே இருந்தும் கோஷ்டியின் வரவு செலவு யாருக்கும் புரியவில்லை. பழைய மானேஜரோடு கோர்ட், கேஸ். ஸ்டூடியோவுக்கே சம்மன் வரும். அந்த எரிச்சலில் 1975-ல் செய்த ஆல்பத்துக்கு 'ஸபடாஜ்', அதாவது நாசவேலை, என்று பெயர். முதல் ஆறு ஆல்பங்களைத்தான் ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். ஸபடாஜ் ஆறாவது.

1979-ல் ஆஸிக்குச் சீட்டுக் கிழிந்தது. குடி, மருந்து, ஒத்திகைக்கு வராமை. எல்லோருமே மொடாக்குடியர்கள்தான். ஆனால் குடிப்பதிலும் ஒரு அட்டெண்டன்ஸ் வேண்டும் அல்லவா? விஷயத்தை ஆஸியிடம் சொல்லும் பொறுப்பு பில் வார்டின் தலையில் விழுந்தது. காரணம், ஆஸிக்கு ரொம்ப நெருக்கமானவர் அவர்தான். நண்பனைக் கூப்பிட்டு 'உன்னை வேலையை விட்டு எடுத்தாச்சு' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். ஒரு வருஷம் கழித்து வார்டும் பாதி டூரில் இறங்கிப் போய்விட்டார்.

ஆஸி லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு ஓட்டல் ரூமுக்குள் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு மாசக்கணக்கில் குடித்துக் கிடந்தார். மானேஜர் டான் ஆர்டனின் மகள் ஷாரன் வந்து எழுப்பி நிறுத்தினார். தனி ஆல்பம், அமோக வெற்றி, 1982-ல் கல்யாணம். அதே 1982 ஜனவரியில் அமெரிக்காவின் டி மாய்ன் நகரில், ரசிகர் மேடையில் எறிந்த வௌவாலை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்துவைத்து, தொடர்ந்து நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆஸியைப் பற்றி வேறு எதுவும் தெரியாதவர்களுக்கும் அது தெரியும். விடுவோம்.

ஆஸியின் நாற்காலிக்கு வந்தவர் ரோனி ஜேம்ஸ் டியோ. குள்ள உருவம், கோபுரக் குரல். 1980-ல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' அசல் ஆஸி ஆல்பங்களுக்குக் குறைந்ததல்ல என்பேன். (ஆஸி கட்சிக்காரர்கள் செருப்பைத் தேட வேண்டாம்.) ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி மெட்டல் ரசிகர்கள் காட்டுகிறார்களே, அந்த முத்திரையைப் பிரபலமாக்கியவர் இவர்தான். இவருடைய இத்தாலியப் பாட்டி திருஷ்டி கழிக்கப் பண்ணுவாளாம். 2002-ல் 'பாபா'வில் ரஜினி காட்டியது கிட்டத்தட்ட இதே ஜாடைதான் என்றாலும் இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

டியோ போய் 1983-ல் 'டீப் பர்ப்பிள்' புகழ் இயன் கில்லன். அந்த டூருக்கு மேடையில் ஸ்டோன்ஹெஞ்ச் கற்கள் மாதிரி செட் வேண்டும் என்று கீஸர் ஆசைப்பட்டார். அடிக்கணக்கில் போட்ட அளவை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு செய்துவிட்டார்கள். மூன்று மடங்கு. பெரும்பாலான அரங்குகளுக்குள் நுழையவே இல்லை. அடுத்த வருஷம் 'ஸ்பைனல் டாப்' என்ற நையாண்டிப் படத்தில் இதற்கு உல்டாவாக, அடிக்குப் பதில் அங்குலம் போட்டு, முழங்கால் உயரத்துக்கு ஸ்டோன்ஹெஞ்ச் வந்தது. நிஜம் எப்போதும் பெரிய ஜோக்.

அதற்கப்புறம் யார் வந்தார், யார் போனார் என்று பட்டியல் போட்டால் இந்த இதழ் போதாது. எல்லாக் காலத்திலும் இருந்தவர் அயோமி ஒருவர்தான். ஆனால் ஒருத்தரைச் சொல்லாமல் விட மனசில்லை. டோனி மார்ட்டின். 1987-லிருந்து 1995 வரை ஐந்து ஆல்பங்களில் பாடியவர். நல்ல குரல். 1989-ல் வந்த 'ஹெட்லெஸ் கிராஸ்' கேட்டுப் பாருங்கள். ஆபீஸில் 'பொறுப்பு' என்று அடைப்புக்குறி போட்டு ஒரு அதிகாரியை உட்கார வைப்பார்கள். வருஷக்கணக்கில் வேலையெல்லாம் அவர்தான் பார்ப்பார்; நிரந்தர ஆள் வந்ததும் பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். மார்ட்டின் அப்படி. டியோ திரும்பி வந்து 1992-ல் ஒரு ஆல்பம் போட்டபோது எழுந்தார். மறுபடி கூப்பிட்டார்கள், வந்தார். 1997-ல் ஆஸி திரும்பியபோது ஒரேயடியாக எழுந்தார். அவர் பாடிய பல ஆல்பங்கள் ரொம்ப காலம் கடையிலேயே கிடைக்கவில்லை. 2024-ல்தான் நாலை ஒரே பெட்டியில் போட்டு மறுபடி கொண்டுவந்தார்கள்.

*

1997 டிசம்பரில் நாலு பேரும் சேர்ந்து சொந்த ஊரில் வாசித்தார்கள். 2006-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம். 2010-ல் டியோ வயிற்றுப் புற்றுநோயில் இறந்துபோனார். 2011 நவம்பர் 11 அன்று அசல் நால்வர் புது ஆல்பம் போடப்போவதாக அறிவிப்பு. அடுத்த ஜனவரியில் அயோமிக்கும் புற்றுநோய், நிணநீர்ச் சுரப்பியில். அதற்கடுத்த மாசம் பில் வார்டு, கையெழுத்துப் போடக்கூடிய மாதிரி காண்டிராக்ட் தரவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்.

அயோமி சிகிச்சைக்கு நடுவில் ரிக்கார்டிங் பண்ணினார். 2013-ல் வந்த '13' பிரிட்டனில் முதல் இடம். இதற்கு முன் அந்த இடத்தைத் தொட்டது 1970-ல், 'பாரனாய்ட்'. அமெரிக்காவில் முதல் இடம் வாழ்க்கையிலேயே அப்போதுதான். டிரம்ஸில் வேறு ஆள். 2017 பிப்ரவரி 4-ல் பர்மிங்ஹாமில் கடைசிக் கச்சேரி என்று அறிவித்து முடித்தார்கள். அதிலும் வார்டு இல்லை. மூன்று பேர் மட்டும் கும்பிட்டுவிட்டு உள்ளே போனது எனக்கு என்னவோ போலிருந்தது. கல்யாணப் பந்தியில் ஒரு இலை போட்டு ஆள் உட்காராமல் விட்ட மாதிரி.

2020-ல் தனக்கு பார்க்கின்ஸன் வியாதி என்று ஆஸி சொன்னார்.

2025 ஜூலை 5. பர்மிங்ஹாமில் வில்லா பார்க் என்ற ஃபுட்பால் மைதானம். சின்ன வயசில் மேட்ச் நாட்களில் ரசிகர்களின் கார்களுக்குக் காவல் இருந்து ஆஸி சில்லறை சம்பாதித்தது இதைச் சுற்றிய தெருக்களில்தான். மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்று பெரிய பெரிய கோஷ்டிகள் எல்லாம் முன்வரிசை மாணாக்கர்கள் மாதிரி வந்து ஆளுக்குக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போனார்கள். ஆஸியால் நிற்க முடியாது. கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். எழ முயன்று எழ முடியாமல் கையைத் தட்டினார். கடைசியில் பிளாக் ஸபாத். டிரம்ஸுக்குப் பின்னால் வெள்ளைத் தாடியோடு பில் வார்டு! 20 வருஷம் கழித்து நாலு பேரும் ஒரே மேடையில். நாலே பாட்டு. கடைசியாக அந்த அரைமணி நேரப் பாட்டு, 'பாரனாய்ட்'. வசூல் பார்க்கின்ஸன் நோயாளிகளுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும், குழந்தைகளின் கடைசிக் காலப் பராமரிப்பு இல்லத்துக்கும்.

17-வது நாள், ஜூலை 22-ல், ஆஸி இறந்துபோனார். வயது 76. ஒரு வாரம் கழித்து சவ ஊர்வலம் பர்மிங்ஹாமின் பிராட் ஸ்ட்ரீட் வழியாகப் போய், கோஷ்டியின் பெயரை வைத்திருக்கும் பாலத்தில் நின்றது. நாலு பேர் முகமும் பதித்த பெஞ்ச் ஒன்று அங்கே இருக்கிறது. அதைச் சுற்றிப் பூ மலையாகக் குவிந்திருந்தது.

அயோமி இன்னமும் விரலில் தொப்பி மாட்டிக்கொண்டுதான் வாசிக்கிறார். இப்போது பாட்டிலை உருக்குவதில்லை. செயற்கை உறுப்பு செய்கிறவர்கள் செய்து தருகிறார்கள். ஆனால் மேலே ஒட்டுகிற தோலுக்கு மட்டும், அறுபதுகளில் வெட்டிய அதே பழைய ஜாக்கெட்தான். வேறு தோல் சரிப்படவில்லையாம். 2011-ல் எழுதிய 'அயர்ன் மேன்' என்ற சுயசரிதையில், அந்த ஜாக்கெட்டில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, ஆனால் சில வருஷத்துக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.